பதினோரு கிலோமீட்டரில் ஓர் அயல்நாடு

உலகத்திலேயே டவுன் பஸ்ஸில் வெளிநாடு போய் வந்த ஒரே மனிதன் நான்தான். கடல் தாண்டவில்லை, விமானம் ஏறவில்லை, பாஸ்போர்ட் என்ற வஸ்துவை இதுவரை கண்ணால் கண்டதில்லை. ராஜபாளையத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கண் அசந்து எழுந்தேன். அயல்நாடு வந்துவிட்டது. பதினோரு கிலோமீட்டர். அந்த நாட்டின் பெயர் ஸ்ரீவில்லிபுத்தூர்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம். என்னிடம் ஆதாரம் இருக்கிறது. சென்னைத் தலைமையகம் முத்திரை குத்தித் தந்த அயற்பண்பாட்டுப் பயணச் சான்றிதழ் சட்டம் போட்டு வீட்டில் தொங்குகிறது. அதற்குக் கீழே, 'கலாச்சார அதிர்ச்சியிலிருந்து முழுமையாக மீண்டவர்' என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளும் தொங்குகிறது.

என் பெயர் ஐயாதுரை. அரசுப் பேருந்தில் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் இருபத்திரண்டு வருடம் ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் தடம், தினம் எட்டு நடை. கடைசி ஒன்பது வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரைத் தடம். ஓடிய தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் நான் நிலாவுக்குப் போய்ப் பாதி வழி திரும்பியிருக்கிறேன். மீதிப் பாதிக்குள் ஓய்வு வயது வந்துவிட்டது.

எங்கள் சபை, 'எல்லை தாண்டும் அன்பு இயக்கம்' என்ற பெரிய அமைப்பின் ராஜபாளையம் கிளை. இயக்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு கிளையும் வருடத்துக்கு ஒருமுறை வேற்றுப் பண்பாட்டு மக்களிடம் ஊழியப் பயணம் போய், அவர்களோடு உறவு ஏற்படுத்தித் திரும்ப வேண்டும். போகிற கிளைக்கு 'அனுப்பும் தளம்' என்று பெயர். போகாத கிளை 'பெறும் களம்' ஆகிவிடும். அதாவது, மற்றவர்கள் நம்மிடம் ஊழியத்துக்கு வருவார்கள்.

சென்ற வருடம் நாங்கள் ஒடிசா போவதாக இருந்தது. வழியனுப்பு விழாவில் யார் நன்றியுரை சொல்வது என்று எட்டு மாதம் பேசினோம். அதற்குள் நவம்பர் முடிந்துவிட்டது. கிளைச் செயலாளர் ஜெபக்குமார் அவசரக் கூட்டம் போட்டார். அவர் நூல் கடை வைத்திருப்பவர். மைக் இல்லாமலே மைக் வைத்த குரலில் பேசுவார்.

"சகோதரர்களே, டிசம்பர் முப்பத்தொண்ணுக்குள்ள நாம எங்கயாவது போயே ஆகணும். இல்லாட்டி ஜனவரியில பக்கத்துச் செட்டியார்பட்டிக் கிளை நம்மளத் தேடி வந்துரும். அவிய போன வருசம் கேரளா போயிட்டு வந்தவிய. வந்து நமக்குச் சோப்பு குடுப்பாவ. நம்ம தோள்ல கையப் போட்டுப் போட்டோ எடுப்பாவ. நாம இத்தன வருசமா எம்புட்டுப் பேருக்குச் சோப்பு குடுத்திருக்கோம்! வாங்குறவன் மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். அந்த மூஞ்சி நமக்கு வந்துறக் கூடாது."

சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இரண்டு பேர் ஜெபமே செய்துவிட்டார்கள்.

அப்போதுதான் ஜெபக்குமார் சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். வேற்றுப் பண்பாடு என்றால் எல்லை, உணவு, மொழி ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு மாற வேண்டும் என்று அதில் இருந்தது.

"அதுக்கு என் எதுத்த வீடே போதுமே" என்றேன். "தெலுங்குலதான் சண்ட போடுறாவ. சாப்பாட்டுல காரமும் நம்மளவிட ஒரு பிடி கூட."

"எல்லை வேணும் அண்ணாச்சி. உங்களுக்கு நடுவுல இருக்கிறது காம்பவுண்டுச் சுவரு. அது எல்லைல சேராது." பிறகு குரலைத் தாழ்த்தி, வெளிப்பாடு பெற்றவர் போலச் சொன்னார்: "ஸ்ரீவில்லிபுத்தூரு தனித் தாலுகா. எல்லை வந்துருச்சு. அங்க பால்கோவா சாப்பிடுறாங்க. உணவும் வந்துருச்சு."

"நாமளும்தான சாப்பிடுறோம்?"

"நாம சாப்பிடுறது ஆச. அவிய சாப்பிடுறது பண்பாடு."

விண்ணப்பம் சென்னைக்குப் போயிற்று. இரண்டே நாளில் அனுமதி வந்தது. அதோடு, இயக்குநர் டாக்டர் பிரேம்குமாரே குழுவை நடத்திச் செல்ல வருகிறார் என்ற செய்தியும் வந்தது. அவர் முப்பத்திரண்டு நாடுகளுக்குப் போனவர். மதுரைக்குத் தெற்கே வந்ததில்லை. எனவே எங்கள் பயணம் அவருக்கு முப்பத்து மூன்றாவது நாடு.

"யார் போறது?" என்று ஜெபக்குமார் கேட்டபோது முதலில் உயர்ந்தது வில்சனின் கை. சபையே திரும்பிப் பார்த்தது. வில்சன் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். ஐம்பது வயதைத் தாண்டியவன். மிஷின்கள் போடும் சத்தத்தில் வாழ்ந்து பழகியதால், தான் பேசத் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டவன். எதற்கும் கை தூக்காதவன் இதற்கு ஏன் தூக்கினான் என்று எனக்கு மட்டும் தெரியும்.

வில்சனுக்கு ஒரே தங்கை, அன்னாள். தாய் தகப்பன் போன பிறகு இவன்தான் வளர்த்தான். ஒன்பது வருடம் முன்னால் அவள், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் காளிராஜைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். "இனி உன் வாசல மிதிக்க மாட்டேன்" என்று வில்சன் நாலு பேர் கேட்கச் சொன்னான். அந்த வாரமே ஜெபக்குமார் சபைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால், கோணாமல் இருக்க அடிஸ்கேல் வைத்து, அடித்தார்.

அதற்குப் பிறகு வில்சன் மதுரைக்குப் போவதானால் என் பஸ்ஸில்தான் ஏறுவான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில் வண்டி நிற்கும் பத்து நிமிடமும் கண்ணை மூடித் தூங்குவான். தூங்குகிறவனின் இமை அப்படித் துடிக்காது. முப்பத்தோரு வருடத்தில் நான் பார்க்காத தூக்கமா?

அவனுக்குத் தங்கையைப் பார்க்க வேண்டும். சொன்ன சொல்லை மீறித் தானாகப் போக அவனால் ஆகாது. கமிட்டி அனுப்பினால் போகலாம்.

எட்டுப் பேர் சேர்ந்தோம். மூன்று சனிக்கிழமை பயிற்சி நடந்தது. டாக்டர் பிரேம்குமார் வெள்ளைத் திரையில் ஒரு வளைகோட்டைக் காட்டி விளக்கினார்.

"அன்பர்களே, அயல் மண்ணில் முதல் மூன்று நாட்கள் எல்லாமே அழகாகத் தெரியும். நான்காம் நாள் எரிச்சல் வரும். ஆறாம் நாள் காரணமில்லாமல் அழுவீர்கள். எட்டாம் நாள்தான் அந்த மக்களை ஏற்றுக்கொள்வீர்கள்."

"சார், நம்ம பயணமே மூணு நாள்தான" என்றேன்.

"அப்படியானால் முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள் எரிச்சலை முடித்துவிடுங்கள்."

நான் எழுந்து, அந்த ஊருக்குத் தினம் எட்டு நடை போய் வந்தவன் என்பதைப் பணிவோடு சொன்னேன். அவர் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அதுதான் சிக்கல் ஐயா. நீங்கள் போயிருக்கிறீர்கள், கடக்கவில்லை. எதையும் அறியாமல் போகிறவரிடம் பணிவு இருக்கும். உங்களிடம் அனுபவம் இருக்கிறது. அதை முதலில் குணப்படுத்த வேண்டும்." என் பெயருக்கு எதிரே, 'கண்காணிப்பில் வைக்கவும்' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு மொழிப் பயிற்சி. 'சாப்பிட்டீர்களா?', 'இது என்ன விலை?', 'உங்கள் ஊர் அழகு' என்ற மூன்று வாக்கியங்களையும் எட்டுப் பேரும் கோரஸாகச் சொன்னோம். பிறந்ததிலிருந்து தமிழ் பேசும் எனக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டுதான் கிடைத்தது. உச்சரிப்பில் உள்ளூர்ப் பாசம் குறைவாம்.

புறப்பட்ட நாளில் மஞ்சள் டீ சர்ட் கொடுத்தார்கள். நெஞ்சில் 'நாங்கள் உங்களை நேசிக்கிறோம்' என்று எழுதியிருந்தது. வேட்டிக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்து, பழைய டிப்போ டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து நலம் விசாரித்தார். உள்ளூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று ராஜபாளையம் தண்ணீர் மூன்று கேன் ஏற்றினோம். வழியனுப்பு ஜெபத்தில் ஜெபக்குமார் குலுங்கிக் குலுங்கி அழுதார். பஸ் நகரும்போது அவர் மனைவி ஜன்னலருகே ஓடி வந்தார். பிரிவுத் துயரம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"ஏங்க, கடைச் சாவியக் கொண்டு போறீங்களே! சாயந்தரம் ஒரு நடை வந்து குடுத்துட்டுப் போறீங்களா?"

இருபத்தைந்து நிமிடத்தில் போய் இறங்கினோம். பயணக் களைப்புத் தீர ஒரு நாள் முழுக்க லாட்ஜில் படுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். படுத்திருந்தோம்.

மறுநாள் களப்பணி. ஒவ்வொருவரும் ஓர் உறவையாவது ஏற்படுத்தி, ஒன்பதாம் எண் படிவத்தை நிரப்ப வேண்டும். ஆள் முன்பின் தெரியாதவராக இருக்க வேண்டும். மூன்று நிமிடம் கண்ணோடு கண் பார்க்க வேண்டும். சோப்பும் சீப்பும் கொடுக்க வேண்டும். அவர் 'மாற்றம் உணர்ந்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். எட்டுப் படிவத்தில் ஒன்று குறைந்தாலும் கிளைக்கு மொத்தப் பயணமும் செல்லாது.

ஜெபக்குமார் கோர்ட் வாசலில் ஒரு வக்கீலைப் பிடித்தார். மூன்று நிமிடம் கண் இமைக்காமல் பார்த்தார். வக்கீலும் சளைக்கவில்லை, பார்த்தார். முடிவில், "சரி, கேஸ் என்ன?" என்றார். ஜெபக்குமார் சீப்பை நீட்டினார். வக்கீலுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. அவர் போட்ட சத்தத்தை மாற்றம் என்று பதிவு செய்யலாமா என்று இயக்குநரிடம் கேட்கும்படி ஆயிற்று.

இயக்குநர் ஒரு பால்கோவாக் கடைக்காரரைத் தேர்ந்தெடுத்துக் கண்ணுக்குள் பார்த்தார். ஒரு நிமிடம் பொறுத்த கடைக்காரர், "கண்ணுல தூசி விழுந்துருச்சா சார்? கிட்ட வாங்க, ஊதிவிடுதேன்" என்று ஊதியும் விட்டார். இயக்குநர் நெகிழ்ந்துபோய், 'இம்மக்கள் தொடுதலுக்கு அஞ்சாதவர்கள்' என்று குறித்துக்கொண்டார்.

என் பாடுதான் திண்டாட்டம். முன்பின் தெரியாத ஆளுக்கு நான் எங்கே போவேன்? தெருவில் கால் வைத்தால், "என்ன கண்டக்டரய்யா, மஞ்சக்காமாலையா?" என்கிறார்கள். வன்னியம்பட்டி மாரியாத்தாள் கீரைக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள்.

"நீருதான அன்னைக்கு என்னைய எறங்குற எடத்துல எழுப்பாம அம்புட்டுத் தூரம் கொண்டு போயி விட்டீரு? இப்ப நேசிக்கேன்னு நெஞ்சுல எழுதிட்டு வந்திருக்கீரு!"

ஆனால் மாரியாத்தாளுக்கு என் குழுவில் வேறு யாரையும் தெரியாது. விஷயத்தைப் புரிந்துகொண்டதும் ஐந்து பேரிடம் ஐந்து சோப்பு வாங்கி, ஐந்து முறை மாற்றம் உணர்ந்துவிட்டாள். என்னை அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த லாட்ஜ் வாட்ச்மேன் காப்பாற்றினார். வக்கீலின் சத்தமும் மாற்றமே என்று இயக்குநர் தீர்ப்பளித்தார். மூன்றாம் நாள் காலையில் ஏழு படிவம் தயார். வில்சனுடையது மட்டும் வெள்ளைத் தாளாக இருந்தது.

அவன் எங்கே என்று தேடிப்போனேன். தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தின் முனையில் டீக்கடை. அந்தச் சந்துக்குள்தான் அன்னாள் வீடு. முந்தின நாளிலிருந்து அவன் அந்த டீக்கடையைத் தாண்டவில்லை.

"ஏலே வில்சா, எத்தன டீ?"

"பதினாலு அண்ணாச்சி."

"இன்னும் நாலு குடிச்சேன்னா இந்த ஊருல பால்கோவாவுக்குப் பாலு மிஞ்சாது. எந்திரி, போவோம்."

"அவ கதவத் தொறக்க மாட்டா."

"தட்டுனியா?"

"இல்ல."

"பொறவு எப்படித் தெரியும்?"

அவன் கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "நான் அவளா இருந்தா தொறக்க மாட்டேன்."

நான் செய்தது சரியா தவறா என்று இன்றைக்கும் தெரியவில்லை. நேரே இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். சொந்தத் தங்கை என்றதும் அவர் முகம் வாடியது. உறவினர் செல்லாது. சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அடிக்குறிப்பு ஒன்றில் விரல் நின்றது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் பேச்சுவார்த்தை இல்லாத உறவினரை அந்நியராகக் கருதலாம்.

"எத்தனை வருடமாகப் பேசவில்லை?"

"ஒம்பது, சார்."

"ஒன்பதா! அற்புதம்! இவ்வளவு முதிர்ந்த பிரிவு நம் இயக்கத்துக்கு இதுவரை கிடைத்ததில்லை!"

ஜெபக்குமார் நெளிந்தார். "அந்தப் பிள்ள வேண்டாமே சார். அது பேர நாங்கதான் பதிவேட்டுலருந்து…"

"நீக்கிவிட்டீர்களா? மிக நல்லது. நீக்காமல் இருந்தால் அவர் உறுப்பினர். உறுப்பினரோடு உறவு ஏற்படுத்தினால் செல்லாது. தீர்க்கதரிசனத்தோடு செய்திருக்கிறீர்கள்."

ஜெபக்குமாரின் முதுகு நிமிர்ந்தது. "ஏதோ… அன்னைக்கே மனசுல பட்டுச்சு சார்."

எட்டு மஞ்சள் சட்டைகளும் இயக்குநரும் ஒரு கேமராவும் ஒரு தண்ணீர் கேனுமாகச் சந்துக்குள் நுழைந்தோம். வாசலை ஒட்டிய கொட்டகையில் காளிராஜ் பெரிய இரும்புச் சட்டியில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தான். விறகுப் புகையும் பால் சுண்டும் மணமும் சந்தை நிறைத்திருந்தன. கதவு திறந்தது. அன்னாள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி வரிசையில் கண் நின்றது. உடனே நகர்ந்து என்னிடம் வந்தது.

"என்ன அண்ணாச்சி, எலெக்சனா?"

இயக்குநர் முன்னால் வந்து, பயிற்சியின் வேகத்தில், "வணக்கம் அம்மா. சாப்பிட்டீர்களா? இது என்ன விலை? உங்கள் ஊர் அழகு" என்று மூன்றையும் ஒன்றாகச் சொன்னார். பிறகு பின்வரிசையைக் காட்டினார். "இவரை உங்களுக்குத் தெரியுமா?"

அன்னாள் அவன் நெஞ்சில் இருந்த எழுத்தைப் படித்தாள். பிறகு, "தெரியாது" என்றாள்.

"தெரியாது என்கிறார்!" இயக்குநர் துள்ளினார். "எழுதிக்கொள்ளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்!"

ஜெபக்குமார் எழுதினார். வில்சன் பஸ்ஸில் மூடுவது போலவே கண்ணை மூடிக்கொண்டான்.

"முன்பின் தெரியாத இவர் உங்களை நேசிக்கிறார். மாற்றம் உணர்ந்தால் இங்கே ஒரு கையெழுத்து."

அவள் படிவத்தை வாங்கி ஒரு எழுத்து விடாமல் படித்தாள். பிறகு முதல் முறையாக அண்ணனைப் பார்த்துப் பேசினாள்.

"கமிட்டி அனுப்பித்தான வந்த?"

வில்சன் டீ சர்ட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஒம்பது வருசமா பஸ் ஓடலையோ?"

"தெனம் எட்டு நடை ஓடுச்சு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. தொழில் பழக்கம்.

"இதுல 'அயல் பண்பாட்டு ஊழியர்'னு போட்டிருக்கு. அத அடிச்சிட்டு 'எங்கண்ணன்'னு எழுதச் சொல்லு. கையெழுத்துப் போடுதேன்."

"அண்ணன் என்று எழுதினால் படிவம் செல்லாதே அம்மா" என்றார் இயக்குநர், மிகுந்த பரிவோடு.

அந்த நேரத்தில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். யோகேஸ்வரி. எட்டு வயது. "எம்மா, இவங்கள்லாம் ஏன் மஞ்சளா இருக்காங்க?" என்றாள். வில்சன் அவளையே பார்த்தான். அவள் காதைப் பார்த்தான். இரண்டு காதும் மூளியாக இருந்தன.

"பிள்ளைக்கு ஏன் இன்னும் காது குத்தல?"

ஒன்பது வருடத்தில் அவன் தங்கையிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"மடி வேணும்ல" என்றாள் அன்னாள்.

எங்கள் பக்கம் கோயிலுக்குப் போகிறவர்களானாலும் சரி, சர்ச்சுக்குப் போகிறவர்களானாலும் சரி, தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் பிள்ளைக்குக் காது குத்துவோம். பால்கோவா கிண்டுகிறவன் கையை நிறுத்தக் கூடாது. காளிராஜ் நிறுத்திவிட்டான். அன்றைக்கு அந்தச் சட்டி அடிப்பிடித்தது.

வில்சன் இரண்டு கையாலும் டீ சர்ட்டைத் தலைவழியாக உருவித் தண்ணீர் கேன்மேல் போட்டான். கை வைத்த கிழிந்த பனியனோடு நின்றான். "இப்பக் கமிட்டி இல்ல. நான்தான் நிக்கேன்."

"சீருடையைக் கழற்றியவர் குழுவில் இல்லை!" என்று இயக்குநர் அலறினார். "குழுவில் இல்லாதவரின் உறவு செல்லாது!"

"ஏலே, போட்டுக்கலே! செட்டியார்பட்டிக்காரன் வந்துருவாம்லே!" என்று ஜெபக்குமார் சட்டையைத் தூக்கிக்கொண்டு வில்சனைச் சுற்றி வந்தார்.

அன்னாளின் கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் இறங்கவில்லை. "எட்டுப் பேரோட வந்து, போட்டோவுக்கு முன்னால சட்டையக் கழட்டுறது என்ன பெருசு? நீ வந்ததா நான் எடுத்துக்கல. ஒருத்தரும் அனுப்பாம வா. பொறவு பாப்போம்."

கதவு மூடியது. படிவம் என் காலடியில் கிடந்தது, கையெழுத்து இல்லாமல்.

சான்றிதழ் எங்களுக்குத் தனித்தனியாக வந்துவிட்டது. ஆனால் கிளை தோற்றது. டிசம்பர் கடைசியில் நாங்கள் 'பெறும் களம்' என்று கடிதம் வந்தது. வில்சன் மூன்று ஞாயிறு பஸ் ஸ்டாண்டு வரை போய், ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். "ஏறுலே" என்றால், "கூட்டமா இருக்கு அண்ணாச்சி" என்பான். என் காலத்தில் அந்த வண்டியில் நாலு மடங்கு கூட்டம் ஏற்றியிருக்கிறேன்.

ஜனவரி இரண்டாவது ஞாயிறு செட்டியார்பட்டிக் குழு பச்சை டீ சர்ட்டில் வந்து இறங்கியது. தண்ணீரும் கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுடைய செயலாளர் ஜெபக்குமாருக்கு வாடிக்கையாளர், வாராவாரம் நூல் வாங்குகிறவர். அவர் ஜெபக்குமாரின் கண்ணை மூன்று நிமிடம் பார்த்துவிட்டு, "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றார். பிறகு சோப்பைக் கையில் வைத்தார். எந்த முகம் வரக் கூடாது என்று ஜெபக்குமார் பயந்தாரோ அந்த முகம் அவருக்கு வந்தது. அதை நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஆண்டவர் எனக்கு நீண்ட ஆயுள் கொடுத்தது இதற்காகத்தான் என்று தோன்றியது.

சோப்பைக் கையில் பிடித்தபடியே ஜெபக்குமார் வெளியே ஓடிச் சென்னைக்குப் போன் போட்டார். "சார், மேல்முறையீடு! அந்தப் பிள்ள ஒரு வார்த்த 'ஆமா'ன்னு சொல்லிட்டா ஏத்துக்குவீங்களா சார்? கொட்டகை போர்டுல பாத்த நம்பர் தாரேன், நீங்களே கேளுங்க!"

அப்போதுதான் கவனித்தேன், வில்சனைக் காணவில்லை. நானும் நழுவினேன்.

பஸ் ஸ்டாண்டில் அவன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். நான் பின்வாசல் வழியாக ஏறி, நாலு சீட் தள்ளி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. அவன் கண்ணை மூடவில்லை. இறங்கினான். டீக்கடையைத் தாண்டினான். கதவைத் தட்டினான். நான் சந்து முனையில் மின்கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் உடம்புக்கு அந்தக் கம்பம் போதாது.

அன்னாள் கதவைத் திறந்து, தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"யாரு அனுப்புனா?"

"ஒருத்தரும் அனுப்பல."

"கம்பத்துக்குப் பின்னால கண்டக்டர் அண்ணாச்சி நிக்காரு?"

வில்சன் திரும்பிப் பார்த்தான். "அவரு எப்பவும் இந்த ரூட்டுதான்" என்றான். அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே நகைச்சுவை அது.

அவள் சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை. கதவை மட்டும் திறந்தே விட்டுவிட்டு உள்ளே போனாள். பின்னாலேயே நாங்கள் இருவரும் போனோம். காளிராஜ் அடுப்பைத் தணித்துவிட்டு, "வாங்க மச்சான்" என்று ஒரு நாற்காலியைத் துடைத்துத் துடைத்து, பெயின்ட் போகும் வரை துடைத்தான். வில்சன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தான். உள்ளே இரண்டு பொட்டுக் கம்மல். காளிராஜ் அதைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பக்கத்துத் தெரு ஆசாரியைக் கூப்பிடச் செருப்பில்லாமல் ஓடினான்.

அன்னாள் சுவரில் சாய்ந்து கை கட்டி நின்றாள். "இன்னும் நான் நம்பல. ஊசி எடுக்கிற நேரம் பாத்து எந்திச்சுப் போனாலும் போவான்" என்று என்னிடம் சொன்னாள். அண்ணனிடம் சொல்லவில்லை.

யோகேஸ்வரி வில்சனின் மடியில் ஏறி உட்கார்ந்து, "நீங்க இன்னைக்கு ஏன் மஞ்சளா இல்ல?" என்று கேட்டாள். ஆசாரி ஊசியைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்து அன்னாளின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டர் பிரேம்குமாரின் குரல்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. டிசம்பரில் எங்கள் குழு உங்கள் இல்லத்துக்கு வந்த நாளில், உங்களுக்கும் வில்சன் என்பவருக்கும் உறவு ஏற்பட்டதா? ஆம் அல்லது இல்லை. 'ஆம்' என்றால் ஒரு கிளையே உங்களை வாழ்த்தும்."

"அன்னைக்கா? இல்ல. அன்னைக்கு என் வீட்டுக்கு ஒருத்தரும் வரல."

"அப்படியானால் நிகழவில்லை என்று பதிவு செய்யட்டுமா?"

ஆசாரி குத்தினார். பிள்ளை "மாமா!" என்று கத்தியது. கண்ணீர் விட்டது மாமன்தான். ஐம்பது வயதைத் தாண்டிய ஃபிட்டர் ஒருவன், மில் மிஷின் ஓடினாலும் கேட்கும்படி அழுவதை நான் அன்றுதான் கேட்டேன். பிள்ளை தன் அழுகையை மறந்து அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டது.

அன்னாள் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

"செத்த இரும்யா. எழுதாதீரு. நடந்துருச்சு. இன்னைக்குத்தான் நடந்துச்சு."

"இன்றைக்கா?" போனில் குரல் தடுமாறியது. "இன்றைக்கு நாங்கள் யாரையும் அனுப்பவில்லையே அம்மா!"

"அதாம்யா சொல்லுதேன்" என்றாள். "எங்கண்ணன் வந்திருக்கான்."